பச்சை சைக்கிளுக்கு நீலப் பெயிண்ட்

திருச்செங்கோடு
மாசி 14, வியாழன்

அன்பு மகன் குணசீலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் உன் போர்வண்டி ஆட்களும் அதேபோல இருக்க மலைமேல் இருக்கிற அர்த்தநாரிதான் துணை. நீ போன் பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. காட்டுக்குள் டவர் கிடைக்காது என்று உன் முதலாளி சொல்கிறார், நானும் இருபது வருசம் போர்வண்டியில் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு தோண்டி அலைந்தவன், தெரியும், ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. உங்கள் வண்டிக்குப் பாறை துளைக்கிற பிட்டு ஏற்றிக்கொண்டு லாரி டிரைவர் வெள்ளியங்கிரி இன்றைக்கு சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரிதான். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை சாமி, எனக்குப் பயமாக இருக்கிறது, போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும்.

சங்ககிரி ரோட்டு எடைமேடைக்குப் பின்னால், கந்தம்மாள் டீக்கடையை ஒட்டி, ஒரு பச்சை சைக்கிள் ஆடி மாசத்திலிருந்து பூட்டியபடி நின்றிருந்தது. டயர் இரண்டும் மண்ணோடு படுத்து, செயின் துருவேறி, கம்பியெல்லாம் கோவைக்கொடி படர்ந்துவிட்டது. கேட்பாரில்லாமல் மக்குவதை எடுத்து ஓட்டினால் என்ன தப்பு என்று ஒரு மனசு, அடுத்தவன் பொருள் ஆச்சே என்று ஒரு மனசு. கந்தம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னாருடையது என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. தை கடைசியில் ஒருநாள் அவள் கடை திறக்கும் முன்னே பூட்டை அறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அறுத்த பூட்டைக் கிணற்றில் போட்டேன். டயர், டியூப், செயின் எல்லாம் புதுசு மாட்டி, மோட்டார் ரூமுக்கு அடித்தது போக மீந்திருந்த நீலப் பெயிண்டை அடித்தேன். பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் நம்பி ஹேண்டில்பாருக்குக் குங்குமம் வைத்தாள்.

போர்வண்டிக்குப் போகிறவர்கள் லாரி ஏறுகிற இடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போவதும், எட்டு மாசமோ பத்து மாசமோ கழித்து வந்து இறங்கி அதையே துடைத்து ஓட்டிக்கொண்டு வீடு வருவதும் எனக்குத் தெரியாததா. என் சைக்கிளே அந்த எடைமேடையில் எத்தனை மழை நனைந்திருக்கிறது. இப்போது எல்லாரும் பைக்கில் வருகிறார்கள், சைக்கிளை விட்டுப்போக யார் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நேற்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள், பூவாத்தாள் என்று பெயர், மலைக்கு அந்தப் பக்கம் தறி ஓட்டுகிறவள். அவள் வீட்டுக்காரர் கைலாசம் ஆடியில் சண்டை போட்டுக்கொண்டு போர்வண்டி ஏறியவர், ஐப்பசியோடு போன் நின்றுவிட்டதாம். ஆள் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டான் என்று வண்டிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள், இவள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டு அலைகிறாள். மாசம் ஒருமுறை வந்து அந்தச் சைக்கிளைப் பார்த்துவிட்டுப் போவாளாம். நேற்று அதைக் காணோம் என்றதும் அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள் சாமி. அவரு வந்துட்டாருங்க்கா, சாவி அவருகிட்டதான இருக்குது, வேற ஆரு எடுப்பாங்க, ஊட்டுக்கு வர வெக்கப்பட்டுக்கிட்டு எங்கியோ நிக்கறாருங்க என்று கந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். நாளை வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய், ஆள் வந்துவிட்டார், இனித் தேட வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம். அவள் பேசும்போது அவள் பை என் சைக்கிள் காரியரில்தான் இருந்தது. நீலமாக இருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்வரை டம்ளரைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றேன்.

சொன்னால், காணாமல் போனவன் சைக்கிளுக்கு நிறத்தை ஏன் மாற்றினாய், பூட்டை ஏன் கிணற்றில் போட்டாய் என்று போலீஸ் கேட்கும், அவரை நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைக்கும். சொல்லாவிட்டால் அந்த மனுசனைத் தேட ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெயர் சொல்லக்கூட முடியாமல் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரோ. உன் போன் வராத இருபத்திரண்டு நாளும் இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

அதனால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போகிறேன், வழி கந்தம்மாளிடம் கேட்டு வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டேன், பச்சை தெரிகிறது. சைக்கிள் சத்தம் கேட்டால் அவர்தான் என்று ஓடி வந்துவிடுவாள், அதுதான் எனக்குப் போலீஸை விடப் பெரிய பயம். தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், மணி அடிக்கமாட்டேன்.

நீ அங்கே எந்தப் போர்வண்டியைப் பார்த்தாலும் கைலாசம் என்று ஒருவர், இடது புருவத்தில் தழும்பு இருக்கும், பார்த்தார்களா என்று கேள். நேரத்துக்குச் சாப்பிடு, ராடு ஏற்றும்போது கீழே நிற்காதே. கடிதம் கிடைத்ததும் டவர் இருக்கிற இடத்துக்கு நடந்தாவது வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசு. நூறு வயசு நன்றாக இரு சாமி. உன் பைக் எடைமேடையில் நீ நிறுத்தின இடத்திலேயே நிற்கிறது. மழை வருமுன் வீட்டுக்குத் தள்ளி வந்துவிடலாம் என்று அம்மா சொல்கிறாள், நான் தொடமாட்டேன், நீயே வந்து எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சென்னியப்பன்