மூன்றாவது வளைவில் ஒரு மரம்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அம்மா பேசினாலும், "அக்கா சொல்லிக் கொடுத்துப் பேசறியா?" என்று வைத்துவிடுகிறாயாம். அதனால்தான் உங்கள் ஊருக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா சுகம். என் வீட்டுக் கீழறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். ஆற்றை வேடிக்கை பார்த்தபடியே வெங்காயம் உரிக்கிறாள். உன்னைக் கேட்காமல் அவளை அழைத்து வந்துவிட்டேன் என்பது உன் கோபம். உன் வீட்டு மாடிப்படி ஏற முடியாதவளை வேறு என்ன செய்வது? அதில் நான் இறங்கி வரப்போவதில்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

இந்த ஞாயிறு மனைவியோடு ஆற்றுக்கு வருகிறாய், என் படகில் ஏறமாட்டேன், என்னைப் போலவே இங்கே சுற்றுலாப் படகு விடும் மீசைக்காரர் படகில்தான் போவேன் என்று அவரிடமே சொன்னாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்கு ஏற்ற சாதுவான ஆறு என்று போர்டு வைத்திருக்கிறோம். பொய்யில்லை. ஆனால் போன மழையில் மூன்றாவது வளைவில் ஒரு பெரிய மரம் குறுக்கே சாய்ந்துவிட்டது. போன வருடம் நீ துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினாயே, அதே இடம். நுரையில்லை, சத்தமில்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான். கிளையெல்லாம் அடியில் கிடக்கிறது. தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. தண்ணீர் வற்றினால்தான் அறுக்கலாம் என்கிறார்கள். நான் அந்தப் பக்கம் படகு விடுவதையே நிறுத்திவிட்டேன். மீசைக்காரரோ, "மரந்தானேம்மா, முதலையா? ஓரமாப் போயிடலாம்" என்று சிரிக்கிறார்.

நேற்று ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டை மேலேயிருந்து மிதக்கவிட்டுப் பார்த்தேன். மெதுவாகத்தான் போனது. மரத்தருகே ஒருமுறை நிமிர்ந்தது, பிறகு உள்ளே போனது. மறுபக்கம் வரவில்லை. இன்று காலையும் போய்ப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

இன்னொன்று. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படு, காலை முன்னால் நீட்டு, எதையும் பிடிக்காதே என்று நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாறைக்கு அது சரி. மரத்துக்கு முன்னால் அதுவே எமன். கால்தான் முதலில் கிளைக்குள் மாட்டும். மரம் எதிரே வந்தால் குப்புறத் திரும்பி, அதை நோக்கியே வேகமாக நீந்தி, தாவிப் பிடித்து மேலே ஏற வேண்டும். நீச்சலே தெரியாத உன் மனைவிக்கு நீ பழைய பாடத்தைத்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஆறே வேண்டாம் என்றால் கேட்கமாட்டாய். சரி, என் படகில் வாருங்கள். இரண்டாவது வளைவிலேயே கரையேறிவிடுவோம். என்னோடு பேசக்கூட வேண்டாம். படகு ஓட்டுகிறவள் பின்னால்தான் உட்காருவாள்; நீங்கள் இருவரும் முன்னால் பார்த்தபடியே வரலாம். என் முகத்தை நீ பார்க்க வேண்டியதே இல்லை.

கோபமாகவே இரு, பரவாயில்லை. நூறு வயதுவரை இரு.

உன் அக்கா