அஞ்சலை சொன்னதும் நான் சொன்னதும்

திங்கள், ஜூன் 3, 1957

விடியலிலிருந்து மழை. சைக்கிள் டயர் பஞ்சர். வீடிருக்கும் காஜா பெராங்கிலிருந்து ஜெயில் வரை நடை. காலில் போட்ட சப்பாத்து முழுக்கச் சேறு.

ஆஸ்பத்திரியில் கணக்கெழுதும் கிராணி வேலையோடு இன்று முதல் மொழிபெயர்ப்பும். இங்கிலாந்திலிருந்து வந்த மனநல டாக்டர். பெண்டாட்டியை அடித்து உள்ளே போனவர்களையும் அந்தப் பெண்களையும் விசாரித்து ஆராய்ச்சி எழுதுகிறார். தமிழ் ஆட்களுக்கு நான். அவர் குறிப்பில் ‘ஆபத்தில்லை’ என்றிருந்தால் ஆளைச் சீக்கிரம் விடுவார்களாம்.

முதல் கைதி ஒரு கிழவன். “அடிச்சாத்தான் சார் அதுக்குப் புத்தி வரும். மாட்டுக்குச் சொன்னா புரியுமா?” அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் ஜெயில் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். “ஆகஸ்டில் மலாய் நாட்டில் இவர்களுக்குச் சுதந்திரமாம்!”

காது சுட்டது. எனக்கும் சேர்த்துத்தானே சிரிப்பு.

அடுத்தவன் சின்னையா, லோரி டிரைவர். அவனும் அதே மாதிரிதான் பேசினான். ‘செய்ததை நினைத்து வருந்துகிறான்’ என்றேன். டாக்டர் தலையாட்டினார்.

புதன், ஜூன் 5

வெயில். பல் வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

சின்னையாவின் மனைவி அஞ்சலை. எங்கள் வீட்டுக்கு இரண்டு லோரோங் சந்து தள்ளிக் குடியிருப்பவள். தெரிந்த முகம் என்று நிம்மதியாக உட்கார்ந்தாள்.

“கிராணி, அவரு குடிச்சிட்டு அடிக்கிற ஆளு இல்ல. தெளிவா இருக்கிறப்பத்தான். சைக்கிள் செயினைத் துணியில சுத்திக்குவாரு, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. வெளிய வந்தா என்னைய கொன்னுடுவாரு. இத மட்டும் தொரைகிட்ட நல்லா சொல்லுங்க.”

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் சொன்னது: குடித்தால் முரடன், மற்றபடி நல்ல கணவன், திரும்பி வரட்டும் என்கிறாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேம்மா.”

கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாண்டார் ஹிலிர் கடைத்தெருவில் கோப்பி குடித்துவிட்டு வீடு. கிராம்பு மறந்துபோனது.

வெள்ளி, ஜூன் 21

சின்னையா விடுதலை. கடைத்தெருவில் என்னைக் கண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். “ரொம்ப உதவி சார்.” முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை. நல்லவனாகத்தான் தெரிந்தான். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமை.

செவ்வாய், ஜூன் 25

குழாயடியில் பெண்கள் பேச்சு. “அஞ்சலை வீட்டுல மூணு நாளு கதவே தொறக்கலயாம். சத்தமே கேக்கலயேடி.”

கேட்டிருக்காது.

அஞ்சலைக்கு இடது கண் போய்விட்டது. வலது கையில் நான்கு விரல்களும். போலீஸ் வந்தபோது சின்னையா சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.



புதன், ஜூன் 26

பெண்கள் வார்டு. டாக்டர் கையில் புதுத் தாள். முதல் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அஞ்சலை ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தாள். கட்டு மாற்ற வந்த மலாய் மிஸியிடம் திரும்பி மலாயில் பேச ஆரம்பித்தாள். நடுவில் என் பக்கம் தாடையைக் காட்டி, “டியா போஹோங்.” அவன் பொய்யன்.

மிஸி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். செயின். துணி. கொன்றுவிடுவான் என்று அன்றே சொன்னது.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

“அன்றைக்கு இதைச் சொன்னாளா?”

“சொன்னாள்.”

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவர் தாள்களைப் புரட்டினார். “என் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டாயே” என்றார். உள்ளே கிடக்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“வேறு யார் பேச்சையாவது மாற்றினாயா?”

வேலை போய்விடும். போலீசுக்கும் போகலாம்.

“இல்லை சார். இவள் ஒருத்திதான்.”

மாணிக்கம் என்று ஒரு கைதி. கர்ப்பமாக இருக்கும் அவன் மனைவி போன வாரம் என்னிடம் சொன்னது: “இந்தப் புள்ளையும் தங்காது கிராணி, அவரு விட்டாத்தானே.” நான் சொன்னது: குழந்தைக்காகக் காத்திருக்கிறாள்.

மாணிக்கத்துக்கு நாளை மறுநாள் விடுதலை. கையெழுத்து ஆகிவிட்டது.