கண்ணில் படும் நிறம்

தாஷ்கண்ட், ஏப்ரல் 14

ஊரே வெள்ளைக் கார் ஓட்டும்போது இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி ஏன் பிஸ்தாப் பச்சை கேட்கிறாள்? எனக்குத் தெரியாது. தெரிந்தவள்போல விளம்பரம் எழுதுகிறேன். நான் ஓட்டுவதும் வெள்ளைதான்.

நிறம், கதவுப் படம், இருக்கைத் துணி எல்லாம் வாங்குபவர் விருப்பம் என்பதுதான் எங்கள் புது மாடலின் கவர்ச்சி. ருஹ்ஷோனா என்ற அந்தப் பெண், கதவுக்கு மாதுளம்பழம் தானே வரைந்து கொண்டுவந்தாள். கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருக்கிறாள்; கணவன் கொரியாவில் வேலை. கார் வாங்கித் தருவது அப்பா. வெள்ளை என்றால் பிறகு விற்கச் சுலபம் என்று முனகினார்.

"விக்கவாப்பா வாங்குறோம்?"

நான் அவள் பக்கம் பேசினேன். அதற்குத்தான் சம்பளம்.

ஏப்ரல் 29

போட்டிக்கு ஒப்புதல். எங்கள் வண்ணக் கார் தெருவில் கண்ணில் பட்டால் யாரும் படமெடுத்து, இடமும் நேரமும் குறித்து, எங்கள் இணையப் பக்கத்தில் போடலாம். வாரம் ஒரு பரிசு. யோசனை என்னுடையது. இளையவர்கள் பிறர் பார்வையில் படத்தான் விரும்புகிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். ஆய்வறிக்கையும் காட்டினேன்.

மே 20

எண்ணூறு படங்கள். நிர்வாகி ஓய்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. "ஊரே நமக்குச் சும்மா வேலை பாக்குதுக்கா" என்றான். நானும் சிரித்தேன்.

ஜூன் 24

ருஹ்ஷோனா மாமியாரோடு வந்தாள். கதவு, கூரை எல்லாம் வெள்ளையாக மாற்ற வேண்டுமாம். மாமியார் முக்கர்ரம் தன் கைப்பேசியை என் முன் வைத்தார். எங்கள் பக்கத்தில் வந்த ஏழு படங்கள். ஏழு பேர் எடுத்தவை. எல்லாவற்றிலும் பச்சைக் கார், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் கட்டடத்தின் எதிரே, பிற்பகல் மூன்று மணிக்கு. அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.

தேநீர் ஊற்றினேன். அவர் தொடவில்லை.

"படிக்கிறது தப்புன்னு நான் சொல்லலம்மா. மகன் வரட்டும்னு சொன்னேன். இவ என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருக்கா. தெருவுல அத்தனை பேரும் எனக்கு முன்னாடி பாத்திருக்காங்க."

வெள்ளைக் காராக இருந்திருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

புதுக் கதவுகள் வர மூன்று வாரமாகும். அதுவரை சாவி மாமியாரிடம். அவர் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் ருஹ்ஷோனா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் புடிச்ச நிறம்னு வாங்கினேன், அக்கா. என்னை யாரும் பாக்கணும்னு இல்ல." ஜூலை பதினைந்து தேர்வு. விடமாட்டார்கள் என்றாள்.

ஜூன் 25

போட்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு மாமியார் கோவித்துக்கொண்டதற்கா என்று ஓய்பெக் கேட்டான். "நீங்க என்ன, அந்தப் பொண்ணுக்குச் சித்தியா? யோசனையே உங்களோடதுதானேக்கா."

உண்மைதான். ஏழு படங்களையும் நீக்கினேன். என்ன பயன் — பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஜூன் 26

வேறு யாராவது என்றால் வேலையை விட்டிருப்பார்கள். நான், அதே போட்டியைச் சமர்கண்ட் நகரிலும் தொடங்க வாசகம் எழுதினேன்.

ஜூலை 14

ருஹ்ஷோனா அழைத்தாள், மாமியார் வீட்டுத் தெருவின் ரொட்டிக் கடைக்காரியின் கைப்பேசியிலிருந்து. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இந்தக் கடைக்குப் பின்னாடி வர முடியுமா, அக்கா? உங்க கார் வெள்ளைதானே?"

வருகிறேன் என்றேன். இது பரிகாரமா, இல்லை இன்னொருத்தர் குடும்பத்தில் மறுபடி மூக்கை நுழைப்பதா? அவள் வரமாட்டாள் என்றே நினைக்கிறேன். வராமல் இருந்தால் நல்லது என்றும் ஒரு நினைப்பு. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 15

ஏழு ஐந்துக்கு வந்தாள். அவள் பையை நான்தான் காரின் பின்னால் வைத்தேன். தேர்வுக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. கேட்கவில்லை. தேர்வு முடியும்வரை மரநிழலில் காத்திருந்தேன். "வேதியியல்ல ரெண்டு கேள்வி விட்டுட்டேன்" என்று வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கா என்றேன்.

"அப்பா வீட்டுக்கு."

அப்பா வாசலுக்கு வந்தார். பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என்னை. அவளை உள்ளே விட்டார். இந்த ஊரில் வாசலில் நிற்பவரை, வழி கேட்க வந்தவரைக்கூட, உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொல்லாமல் அனுப்பமாட்டார்கள். அவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.