தமிழில் என் பெயர்

ஜலகண்டாபுரம்
12.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோகிலா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, கடைசியில் அண்ணிதான் பிடுங்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் இதை வித்யாவின் பையில் வைத்து அனுப்புகிறேன். உங்கள் பள்ளியில் நாலாவது படிக்கிறவள், தலைமையாசிரியர் மாமாவிடம் கொடுக்க மறக்க மாட்டாள்.

அடைவுத் தேர்வு முடிவு எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. நாலாம் வகுப்பில் உங்கள் பள்ளிதான் ஒன்றியத்திலேயே கடைசி. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "பாதி வகுப்புக்குத் தமிழே தெரியாது. அதுககூட உக்காந்து நம்ம புள்ள என்னத்தப் படிக்கும்?" என்றார். வேன் வருகிற மெட்ரிக் பள்ளியில் விசாரித்தும் வந்துவிட்டார்.

நான் என்ன சொல்ல? அண்ணன் பள்ளியாயிற்றே என்றுதான் சேர்த்தேன். வித்யாவோ வீட்டுக்கு வந்தால் சஸ்மிதா, சஸ்மிதா என்று அந்த ஒடிசாப் பெண்ணின் பேச்சுத்தான். உங்களுக்கு அந்தப் பேர் வாயில் வருமா? நாய்க்குட்டி முதல் கல்வி அதிகாரி வரை எல்லோரும் உங்களுக்குச் 'சாமி'தானே!

மே மாதம் டி.சி. கேட்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணிக்கு முழங்கால் தேவலையா?

உங்கள் தங்கை
கோகிலா

*

ஓமலூர்
16.2.2025

கோகிலா சாமிக்கு அண்ணன் எழுதுவது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படியேறும்போதெல்லாம் திட்டு எனக்கு விழுகிறது.

முடிவை நானும் பார்த்தேன். மாப்பிள்ளை சொல்வதுபோல் பாதி வகுப்பு இல்லை. பதினான்கு பேரில் ஐந்து பேர் ஒடிசாப் பிள்ளைகள், போன ஜூனில் சேர்ந்தவர்கள். மற்ற ஒன்பது பேரின் மதிப்பெண் எந்தப் பள்ளிக்கும் குறைந்ததில்லை. அந்த ஐந்து பேருக்கும் எல்லாப் பாடத்திலும் சுழியம். அதுதான் எனக்குப் புரியவில்லை. சஸ்மிதா பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தமிழில் மூச்சுவிடாமல் சொல்கிறவள். ஒரு கணக்குக்கூடவா போடாமல் வந்தாள்? தாள்களைத் திருத்தியது வேறு ஊரில். அவற்றைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆண்டு முடிந்துதான் அனுப்புவார்களாம். அதுவரையாவது பொறுங்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேன் ஏறிவிட்டால், மிச்சமிருக்கிற பிள்ளைகள் யாரோடு விளையாடித் தமிழ் கற்பார்கள்? ஒன்று கேட்கிறேன். அந்தக் குடும்பங்களை ரயிலில் கூட்டிவந்து தன் தறிப்பட்டறைக்குப் பின்னால் குடிவைத்தது மாப்பிள்ளைதானே? அவர்கள் ஓட்டுகிற தறி வேண்டும், அவர்கள் பிள்ளை மட்டும் பக்கத்தில் உட்காரக்கூடாது என்றால் என்ன நியாயம், சாமி?

அன்புடன்
அண்ணன் முருகானந்தம்

*

ஜலகண்டாபுரம்
28.4.2025

அண்ணாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், உங்கள் கடிதத்தை முதலில் படித்தது அவர். அன்றைக்கு வித்யா பையைத் திறந்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டு முறை படித்தார். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மடித்து என்னிடம் நீட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. போன வாரம், குடும்பத்தோடு இருந்த எல்லோரையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இனிமேல் தனி ஆட்கள் மட்டும்தானாம். நான் கேட்டதற்கு, "உங்கண்ணன் சொன்னது நெசந்தான். கொண்டாந்தவன் நானு. நானே அனுப்பிச்சுடறேன்" என்றார்.

சஸ்மிதாவின் அப்பாவுக்குப் பள்ளிபாளையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் அம்மா என் வாசலில் வந்து நின்று, "அக்கா, நாங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாள். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

நீங்கள் கேட்டது தப்பென்று நான் சொல்லவில்லை. என்னிடம் நேரில் கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் டி.சி. வாங்க வருகிறேன். ஆபீசில் எல்லோரும் இருப்பார்கள். அங்கே என்னிடம் எதுவும் பேசாதீர்கள், அண்ணா. அழுதுவிடுவேன்.

கோகிலவாணி

*

ஓமலூர்
7.7.2025

அன்புள்ள கோகிலவாணிக்கு,

உன் பேச்சை மீறவில்லை. அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி. இப்போது எழுதலாமென்று நினைக்கிறேன்.

பள்ளி திறந்த வாரம் விடைத்தாள்கள் வந்தன. அந்த ஐந்து பேரும் எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கணக்கில் வித்யாவுக்கு அடுத்த மதிப்பெண் சஸ்மிதாவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையில் 'இப்பெயர் வருகைப் பட்டியலில் இல்லை' என்று எழுதி, சுழியம் போட்டிருந்தார்கள். தாளின் தலைப்பில் 'பெயரைத் தமிழில் எழுதவும்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே ஐந்து பேரும் எழுதியிருந்தது ஒரே பெயர்தான்.

சாமி.

இரண்டு நாள் கழித்து, டி.சி. வாங்க அப்பாவோடு சஸ்மிதா வந்தாள். தாளைக் காட்டி, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"தமிழ்ல எம்பேரு அதானுங்க சார்? நீங்க அப்படித்தானே கூப்புடுவீங்க?"

"அஞ்சு பேருக்கும் எப்படி ஒரே பேர் இருக்கும்?"

"எங்க எல்லாருக்கும் தமிழ்ல ஒரே பேருதானுங்க சார்."

அவள் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு முடியவில்லை.

டி.சி.யில் அவள் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எங்க ஊட்டுல கூப்புடற பேராச்சே" என்றாள்.

முடிவைத் திருத்தக் கேட்டு எழுதினேன். திருத்திய பட்டியல் வெள்ளிக்கிழமை வந்தது. நாற்பத்தொரு பள்ளிகளில் பத்தொன்பதாவது இடம். நாலாம் வகுப்பில் இருந்தவர்களில் இப்போது ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது ஆறு பேர். பட்டியலை யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம். அவரைப் பற்றி நான் எழுதிய அந்த வரி உண்மைதான். அதை எழுதியிருக்கவும் வேண்டாம்.

இப்போதெல்லாம் பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவர்கள் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்க்கிறார்கள், ஏதோ கோபமென்று.

சஸ்மிதா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "போயிட்டு வாரேனுங்க சார்" என்றாள். நம் ஊர்ப் பேச்சு, ஓர் எழுத்துப் பிசகவில்லை. மே மாதம் நீ டி.சி.யை வாங்கிக்கொண்டு போனபோது அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்
முருகானந்தம்