தொண்ணூற்றேழு டிகிரி

ஜூலை 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். புடவைக் கரை முழுக்கச் சேறு.

பிளஸ் ஒன் பெண்களுக்கு முதல் செய்முறை வகுப்பு. நீரின் கொதிநிலை காணல். லேபில் உருப்படியான தெர்மாமீட்டர் ஒன்றே ஒன்று. இருபத்துநாலு பேரும் முறை வைத்துப் பார்த்தார்கள். இருபத்துமூன்று ரெக்கார்டில் 100. கோமதி (அச்சன்புதூர், கடைசி பெஞ்ச்) மட்டும் 97. சிவப்பு மையால் அடித்தேன். "தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்னு எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்று எல்லார் முன்னும் சொன்னேன். சிரித்தார்கள்.

அவள் அழவில்லை. "நான் பாத்ததத்தான் எழுதுனேன் டீச்சர்."

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோப்பு, அம்மாவுக்குத் தைலம்.

ஜூலை 4, புதன்

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தைலம் மறந்துவிட்டேன்.

கோமதி சொன்னது காலையிலிருந்து மனசில். கடைசி பீரியட் முடிந்து லேபுக்குப் போய் நானே கொதிக்க வைத்தேன். 97. பத்து நிமிடம் நின்றேன். 97. குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர். அதே 97.

லேப் அட்டெண்டர் சங்கரன் அண்ணாச்சி பீக்கர் கழுவிக்கொண்டே சொன்னார்: "வாங்குன நாள்ல இருந்தே அது அங்கனதான் நிக்குது டீச்சர்."

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

குறை தண்ணீரிலா, தெர்மாமீட்டரிலா? எப்படிக் கண்டுபிடிக்க? உருகும் பனிக்கட்டி பூஜ்யம் காட்ட வேண்டும். அதிலும் தப்பாகக் காட்டினால் தெர்மாமீட்டர்தான். ஐஸ் வேண்டும்.

ஜூலை 5, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் சர்பத் கடை. "ஐஸ் மட்டுமா? வீட்ல யாருக்கும் காய்ச்சலா டீச்சர்?"

"இல்ல, தெர்மாமீட்டருக்கு."

கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

தூக்குவாளியில் கொண்டுபோனதில் பாதி உருகிவிட்டது. நல்லதுதான், உருகும் ஐஸ்தானே வேண்டும். ஐஸில் ஒட்டியிருந்த மரத்தூள் போகக் கழுவி, நொறுக்கி, நடுவில் செருகினேன். பாதரசம் இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டி இறங்கி, நின்றது. மைனஸ் இரண்டரை!

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க!" கத்தியே விட்டேன்.

97 + 2½ = 99½. மீதி அரை? தென்காசி கடல் மட்டத்துக்கு மேலே. காற்றழுத்தம் குறைவு, கொதிநிலையும் குறைவு. அதுவாக இருக்குமோ? அப்படியானால் குற்றாலத்தில், மலைமேல் செண்பகாதேவி அருவிக்கரையில் கொதிக்க வைத்தால் இன்னும் குறையுமா? ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஏற ஆசை. அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ஜூலை 6, வெள்ளி

மறுபடி சாரல். மதியம் சாப்பிடவில்லை.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். "எக்ஸாமுக்கு வெளிய இருந்து வாறவங்க 97-னு பாத்தா மார்க் போடுவாங்களா? பிள்ளைங்க 100-னே எழுதட்டும்."

பார்த்ததை எழுதி, பக்கத்திலேயே கருவியின் பிழையையும் திருத்தத்தையும் எழுதச் சொல்கிறேன் என்றேன்.

"மார்க் கொறஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்."

சரி என்றேன்.

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன், ஐஸ் வாங்கப் போனது உட்பட. கோமதியின் ரெக்கார்டை வாங்கி, என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினேன்: '97 சரியான அளவீடு. தவறு என்னுடையது.' கையெழுத்து, தேதி. அவள் அதை வாசித்தாள். பிறகு, "அந்த மீதி அரை டிகிரிக்குக் காத்துதான் காரணம்னு எப்படி டீச்சர் உறுதியாச் சொல்லுதிய?"

இன்னும் பார்க்க வேண்டும் என்றேன்.

மற்றவர்களிடம் கேட்டேன். நிஜமாகவே 100 பார்த்தவர்கள் யார்? ஒரு கையும் எழவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி: "97-தான் டீச்சர் காட்டுச்சு. புக்குல நூறுன்னு போட்டிருந்துச்சு. அதான்..."

"நானும் டீச்சர்." "நானும்."

திட்ட மனசு வரவில்லை.

சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பி.எஸ்ஸி ரெக்கார்டை எடுத்தேன். இதே சோதனை. என் குண்டுக் கையெழுத்தில், கொதிநிலை: 100. பக்கத்தில் பேராசிரியரின் 'நன்று'.

அன்று பாதரசம் எங்கே நின்றது? ஸ்டாண்டு, பர்னர், பக்கத்தில் நின்ற தோழியின் பச்சைத் தாவணி, எல்லாம் நினைவிருக்கிறது. பாதரசம் மட்டும் நினைவில் இல்லை.