கெபியை இடித்துவிட்டேன்

சேசு மரி சூசை துணை

அயனம்பாக்கம்
17-6-96

அன்பு மகன் பிரகாசத்துக்கு அம்மா ஆசை முத்தத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். மெட்ராஸ் மழையைப் பற்றி அங்கே ரேடியோவில் சொல்லியிருப்பார்கள், இங்கே போன் எல்லாம் செத்துக் கிடக்கிறது, அதனால் பதறாதே. ஆனி மாதத்தில் இப்படிக் கொட்டும் என்று யார் கண்டது, ஏரி நிரம்பி மிஞ்சின தண்ணீர் கலங்கலில் வழிந்து விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது, கரை தாங்குமா என்று ஊரே போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. மழை விட்டபாடில்லை.

அப்பா எழுதி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நீ முதல் சம்பளத்தில் கல்லால் குகை மாதிரி கட்டிக் கொடுத்த மாதா கெபி இப்போது இல்லை, நான்தான் இடித்தேன். எண்பத்தைந்து வெள்ளத்தில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நேர்ந்துகொண்டாரே, வீடு விழாமல் நின்றால் மாதாவுக்குக் கெபி என்று, வீடு நின்றது, நேர்ச்சையையும் செலுத்தினோம். ஆனால் எங்கே கட்டினோம்? நமக்கும் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்திக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கி அதன் மேல் கட்டினோம். ஏரி நிரம்பினால் தண்ணீர் ஓடிப்போவதே அந்தப் பள்ளத்தில்தான். அதற்கப்புறம் ஏரி இப்படி நிரம்பவே இல்லையா, எல்லாரும் மறந்துபோனோம், பங்குச் சாமியார் வந்து மந்திரித்தபோதுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நேற்றுக் காலை தண்ணீர் வந்து கெபியில் முட்டி, திரும்பிக் கலியமூர்த்தி வீட்டுக்குள் ஏறிவிட்டது. தலைப் பிரசவத்துக்கு வந்திருக்கிற அவர் மகள் சுசீலா நிறைமாசம், அவளை மட்டும் நம் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மண்சுவர் வீடு, பின்சுவர் ஊறிப் பிதுங்கி நிற்கிறது, அந்த மனுஷன் கெபியை உடையுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொன்னதற்கும், "சாமி கீற எடம் அண்ணி, நாங்க கை வெக்க மாட்டோம், ஊடு போனா போவட்டும்" என்றார். அப்பாவோ, "மாதாவுக்குக் குடுத்தத திருப்பி எடுப்பியா, அது மேல கை வெச்சினா அப்பறம் என்கூட பேசாதே" என்று குதித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாதா சொரூபத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். என் கைக்கு அது எங்கே அடங்கும், ஆனாலும் அடியில் இரண்டு கல் பெயர்ந்தது, மீதியைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர்கள் வீட்டில் மளமளவென்று வடிந்தது, சுவர் தப்பியது. பள்ளத்தில் பாய்ந்த வேகத்தில் தண்ணீர் நம் கூடத்திலும் சமையலறையிலும் ஏறிவிட்டது, நீ அனுப்பிய மெத்தை, தையல் மெஷின் எல்லாம் நாசம். அது போகட்டும்.

அந்தக் கலவரத்திலேயே சுசீலாவுக்கு வலி கண்டுவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அப்பாவும் ஒரு பக்கம் பிடித்தார், என் முகத்தைப் பார்க்காமலே போனார். இன்னும் ஒரு சேதியும் இல்லை. கிளம்பும்போது அவள் அம்மா தாயம்மாள், "மாதா கோச்சிக்கினு எம் பொண்ண எதுனா பண்ணிடுமா யக்கா" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்கே பயமாகிவிட்டது.

அதே இடத்தில் மறுபடி கட்டச் சொல்லி அப்பா உனக்குத் தனியாக எழுதுவார், சரி என்று தலையாட்டிவிடாதே. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் ஆசீர் எப்போதும் உனக்கு உண்டு. இது உன் கைக்கு வருவதற்குள் நல்லதோ கெட்டதோ நடந்து முடிந்திருக்கும், இருந்தாலும் படித்த உடனே மறக்காமல் முழங்காலில் நின்று வேண்டிக்கொள். இடித்தது என் அம்மா, கேட்பதானால் அவளைக் கேளும் தாயே, சுசீலாவையும் பிள்ளையையும் விட்டுவிடும் என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
சகாயமேரி