போர் நின்ற பிறகு பேசலாம் என்றிருந்தேன்

அக்கா, நேற்று உங்கள் மகள் செல்வி ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜோர்தானிலிருந்து ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் உங்கள் பழைய மேடம் உங்களுக்கென்று கொடுத்தனுப்பியதாம். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது என்பது அந்த மேடத்துக்கு இன்னும் தெரியாது. மூடியைத் திறந்தேன். எள்ளும் காய்ந்த இலையும் புளிப்பும் கலந்த வாசனை. இஸ்ரேலில் நான் பார்த்துக்கொண்ட கிழவியம்மா தினமும் ரொட்டியில் தொட்டுத் தின்ற அதே தூள். நாம் எத்தனையோ கதை பேசியிருக்கிறோம். இது மட்டும் எப்படியோ விட்டுப்போயிற்று.

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் நம் றப்பர் தோட்டத்தில் இலங்கையை விட்டு வெளிநாடு போகாத பெண்கள் குறைவு. நீங்கள் ஜோர்தானில் ஒரு பலஸ்தீனக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தீர்கள். நான் இஸ்ரேலில் படுக்கையாய்க் கிடந்த அந்தக் கிழவியம்மாவுக்குத் துணை. திரும்பி வந்து ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தோம். றப்பர் பால் வெட்டப் போகும் வழியெல்லாம் நமக்கு இதே பேச்சுத்தான். உங்கள் மேடத்தின் தங்கை காசாவில் இருந்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் போனில் உங்களுக்கு 'வணக்கம்' சொல்லப் பழகியிருந்தார்கள். நான் கிழவியம்மாவின் பேரன் தானியேலைப் பற்றி அளப்பேன். வெள்ளிக்கிழமைகளில் வந்தால் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவனே பாத்திரம் கழுவுவான். "நம்ம ஊரு ஆம்பளைங்கள ஒரு மாசம் அங்க அனுப்பி வைக்கணும்" என்று சிரிப்பீர்கள்.

பிறகு அந்தப் போர் வந்தது. தானியேலைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவன் அம்மா எனக்குச் செய்தி அனுப்பினாள். உங்கள் மேடத்துக்குத் தங்கை வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நாம் இருவரும் ஆளுக்கொரு தட்டோடு மாரியம்மன் கோயிலில் போய் நின்றோம். பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அந்தப் பிள்ளைகளின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? நீங்கள்தான் ஒரு வழி சொன்னீர்கள்.

"நாலு பேரையும் சேத்து ஒரே அர்ச்சனையா சொல்லுங்க பூசாரி. எல்லாம் நல்லா இருக்கட்டும்."

நான் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "ஒங்க ஆளுங்கதானே ஆரம்பிச்சாங்க. எங்க தானியேல அதுங்களோட சேக்காதீங்க."

"என் ஆளுங்களா? அதுங்க சின்னப் புள்ளைங்க, தங்கச்சி" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அங்கேயே சண்டை போட்டுத் தீர்த்திருப்போம். எனக்கு வாய் நீளம் என்பது தோட்டத்துக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் வேறு யாராவது என் வாயை அடைத்திருக்கக்கூடாதா என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் நமக்குள் பேச்சில்லை. நடுவில் ஒரு மெல்லிய சுவர். நீங்கள் இருமுவதும் அரிசி களைவதும்கூட எனக்குக் கேட்கும். அங்கே சண்டை நிற்கட்டும், நானே போய்ப் பேசுகிறேன் என்று மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். போர்நிறுத்தம் என்று செய்தி வந்த நாளில் உங்களுக்கும் கேட்கட்டும் என்று டிவியைச் சத்தமாக வைத்தேன். உங்கள் வாசல் வரைக்கும்கூட வந்தேன். நிலைக்கிறதா பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன். சில வாரங்களில் மறுபடி குண்டு போட்டார்கள். எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. எங்கேயோ இருக்கிறவர்கள் சமாதானமாகட்டும் என்று பத்தடி தள்ளி இருந்த உங்களைக் காக்க வைத்தேன். என்ன புத்தி இது, அக்கா. பிறகு ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று உங்களை அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டிய உங்கள் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். வாய்விட்டு அழக் கூச்சமாக இருந்தது.

இப்போதும் நிறுத்தம் என்கிறார்கள். பேச்சுவார்த்தை என்கிறார்கள். அதே செய்தியில் யாரோ செத்ததாகவும் சொல்கிறார்கள். நிலைக்குமா என்று கேட்டால் எனக்கு என்ன தெரியும்? அடுத்தவர் முதலில் வரட்டும் என்று இரண்டு பக்கமும் நின்றுவிடுவார்களோ என்றுதான் பயம். அப்படி நிற்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலுக்குப் போய்த் தட்டை நீட்டினேன். தானியேலோடு உங்கள் காசாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்யச் சொன்னேன். பூசாரி பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் நான் உங்களிடம் கேட்டதில்லை.

பூசாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அக்கா வாராவாரம் வந்து சொல்லுமே. மொதல்ல மூணு பேரு சொல்லும். போன வருசம் ஆடிக்கு அப்புறம் மரியம்னு ஒரு பேருதான். ஆனா ஒங்க தானியேல ஒரு வாரமும் விடல."

அந்த ஆடியில் ஒரு சாயங்காலம் நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. மகளோடு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து, டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

மரியத்துக்கும் தானியேலுக்கும் ஒரே அர்ச்சனையாகச் சொல்லச் சொல்லிவிட்டு வந்தேன். இனி வாராவாரம் அது நடக்கும். மற்ற இருவரின் பெயர்கள் பூசாரிக்கு நினைவில்லை; செல்வியிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் நீங்கள் தனியாக அழுதிருக்கிறீர்கள். கூட உட்கார்ந்து அழ நான் பத்தடியில்தான் இருந்தேன், அக்கா.